காப்புக் கட்டாத கை

சிவமயம்

இறுப்பிட்டி,
புங்குடுதீவு.
18-12-61

அன்புள்ள தம்பி சிவபாதத்துக்கு,

அம்மாளாச்சி புண்ணியத்தில் இங்கே நானும் மாடும் கன்றும் சுகம். அங்கே நீயும் நல்லம்மாவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும். மாத்தறையில் மழை விட்டபாடில்லை என்று எழுதியிருந்தாய். கடைச் சாமான் நனையாமல் பார்த்துக்கொள். இங்கேயும் கிணறு நிரம்பி வழிகிறது. வாளிக்குக் கயிறு தேவையில்லை, குனிந்து மொள்ளலாம்.

தீபாவளியோடு விரதம் முடித்துத் தபாலில் அனுப்பிய கௌரிக் காப்பு நூல்கள் வந்து சேர்ந்தனவா? நீ வலக்கையிலும் நல்லம்மா இடக்கையிலும் கட்டினீர்களா, அல்லது கடை மும்முரத்தில் மேசை லாச்சிக்குள் கிடக்கிறதா? உன்னை எனக்குத் தெரியும்.

எழுத்து வேறாயிருக்கிறதே என்று யோசியாதே. கையில் சின்ன வீக்கம். அதனால் நான் சொல்லச் சொல்ல அடுத்த வளவு ஜசிந்தா எழுதுகிறாள். அவளுடைய எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. என்னோடு ஐந்தாம் வகுப்பில் இருந்தபோதே அவளுடைய 'ழ' காலை நீட்டிப் படுத்துத்தான் கிடக்கும். (தம்பி, உன்ர அக்காவுக்குக் கைதான் வீங்கினது. வாய் அப்பிடியேதான் இருக்கு. – ஜசிந்தா)

பொங்கலுக்கு வர ஏலாது என்று எழுதத்தான் போகிறாய். அதையாவது வேளைக்கு எழுது.

உங்கள் எல்லோருடைய நினைவோடும்,
அக்கா அம்பிகை


மாத்தறை
6-1-62

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சிவபாதம் எழுதுவது. நாங்கள் நால்வரும் சுகம். சின்னவனுக்கு மட்டும் கொஞ்சம் இருமல். காப்பு வந்த அன்றே குளித்துக் கட்டிவிட்டோம். நல்லம்மா தன்னுடையதை இடது புயத்தில் கட்டியிருக்கிறாள். லாச்சிக் கதையை அவளிடம் வாசித்துக் காட்டினேன். அரைநாள் சிரித்தாள்.

அக்கா, ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். பொங்கலுக்கு அனுப்பிய மணியோடரின் பற்றுச்சீட்டு நேற்றுத் திரும்பி வந்தது. அதில் உங்கள் கையெழுத்து இல்லை. கைநாட்டு இருக்கிறது. வேறு யாரோ வாங்கிவிட்டார்கள் என்று பதறிப்போனேன். பிறகுதான் கீழே ஜசிந்தா அக்காவின் 'ழ' சாட்சியாகப் படுத்துக் கிடப்பதைக் கண்டேன்.

பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்குகிற அம்பிகை ரீச்சர் கைநாட்டு வைத்தார் என்றால் அது சின்ன வீக்கமா? எந்தக் கை? எப்போது தொடக்கம்? எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு அடுத்த றெயிலில் ஏறுவேன்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
சிவபாதம்


இறுப்பிட்டி
24-1-62

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம் என்று தொடங்கத்தான் வாய் வருகிறது. சின்னவனின் இருமலுக்குத் தூதுவளை வைத்துக் கொடுங்கள். கடையைப் பூட்டவும் வேண்டாம், றெயில் ஏறவும் வேண்டாம். சொல்கிறேன்.

கார்த்திகையில், அக்கரையிலிருந்து வள்ளத்தில் அம்மை வந்துவிட்டது என்று ஊரெல்லாம் ஒரே கதை. சுகாதாரப் பகுதியார் எங்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்து எல்லோருக்கும் அம்மைப்பால் கட்டினார்கள். கத்தி முனையால் கீறி மருந்தைப் பூசுகிறதைக் கண்டதும் பிள்ளைகள் கத்தத் தொடங்கிவிட்டார்கள். பெண்டுகள் பின்வாங்கினார்கள். "ரீச்சர், நீங்கள் முதல்ல கையை நீட்டுங்கோ, மற்றவை வருவினம்" என்றார் வந்தவர். நீட்டினேன். வலக்கை. என்னைப் பார்த்துத்தான் ஊரே நீட்டியது.

மற்றவர்களுக்குக் காய்ச்சலும் புண்ணுமாய் வந்து ஆறியது. எனக்கும் புண் ஆறியது. ஆனால் தோளுக்குள் தொடங்கிய உளைவு சாமான்யமானதில்லை. ஈரச் சேலையைப் பிழிவதுபோலப் பிழிந்தது. உளைவு போனபோது கையும் போய்விட்டது தம்பி. தொங்குகிறது. பேனையைப் பிடிக்க விரல் வராது. யாழ்ப்பாணத்தில் டொக்ரர் பார்த்துவிட்டு, நரம்பில் பிடித்துவிட்டது, அம்மைப்பாலுக்குப் பிறகு மிக அருமையாக இப்படி வருவதுண்டு, திரும்பி வருமென்று சொல்ல ஏலாது என்றார்.

பள்ளிக்கூடத்தில், சுகம் வரும்வரை சம்பளமில்லாத லீவில் நில்லுங்கள் என்று விட்டார்கள். கரும்பலகையில் எழுத ஏலாத ரீச்சரை அவர்களும் என்ன செய்வது? ஊருக்குள் வேறு கதை. "கௌரிக் காப்போட போய் அம்மைப்பால் கட்டினா அம்மாளாச்சி சும்மா விடுவாவே?" என்கிறார்கள். அப்படியென்றால் கூடவே கட்டிய உங்களை ஏனடி விட்டவ என்று கேட்டேன். (கேட்டது கிணற்றடியில், ஊர் கேட்க. – ஜசிந்தா)

நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான். அரசாங்கம் கையை நீட்டு என்றது, நீட்டினேன். என்னால் ஊர் தப்பியது, அதில் எனக்குச் சந்தோசமே. ஆனால் அந்தக் கைக்கு அரசாங்கம் பதில் சொல்ல வேண்டும். நட்டஈடு கேட்கப் போகிறேன். அதோடு, வாத்திமை வேலையும் திரும்ப வேண்டும். நீ சிங்களம் எழுதத் தெரிந்தவன். மனுவை எழுதி அனுப்பு.

கோபமும் அன்பும் சரிபாதியாக,
அக்கா


மாத்தறை
14-2-62

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்து வாசிக்கத் தொடங்கி, முடிக்க ஏலாமல் உள்ளே போய் இருந்துவிட்டேன். நல்லம்மா இரண்டு நாளாக ஒழுங்காய்ச் சாப்பிடவில்லை. எங்கள் சுகத்தைப் பற்றி இம்முறை கேட்காதீர்கள்.

அக்கா, வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்துவிடுங்கள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அந்தக் கை. இனி நீங்கள் இருந்து சாப்பிட்டால் போதும். அரசாங்கத்தோடு மல்லுக்கட்ட நாங்கள் யார்? ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் இந்தக் கடை எரிந்து கிடந்தபோது நானும் மனு எழுதினேன். அந்த மனு எந்த மேசையில் எந்தக் கோப்பைக்குக் கீழே கிடக்கிறதோ! நீங்களும் அப்படி ஏமாறுவதைப் பார்க்க எனக்குப் பெலமில்லை.

ஆனாலும் நீங்கள் சொன்னால் சொன்னதுதான் என்று தெரியும். மனுவை எழுதி இத்தோடு வைத்திருக்கிறேன். ஊர் விதானையாருக்கு முன்னால் ஒப்பமிட்டு அனுப்புங்கள். பதில் சிங்களத்தில்தான் வரும். அங்கே வாசிக்க ஆளில்லை, ஆகவே என் விலாசத்தையே கொடுத்திருக்கிறேன்.

மனம் சரியில்லாத தம்பி,
சிவபாதம்


இறுப்பிட்டி
30-3-62

அன்புள்ள தம்பிக்கும் நல்லம்மாவுக்கும்,

நல்லம்மா, சாப்பிடு. நீ பட்டினி கிடந்தால் என் கை எழும்புமா? இங்கே முருங்கை காய்த்துக் கொட்டுகிறது. நானும் ஜசிந்தாவும் முறைவைத்துக் குழம்பு வைக்கிறோம். என் சுகத்துக்கு இதற்குமேல் அத்தாட்சி வேண்டாம்.

மனு போய்விட்டது. ஆனால் அன்றைய நாளை மறக்க மாட்டேன். விதானையார் மைப்பெட்டியைத் திறந்து, என் இடக்கைப் பெருவிரலைத் தன் கையால் பிடித்து, மையில் தோய்த்து, தாளில் அமத்தினார். "ரீச்சருக்கே இந்த நிலைமை எண்டு நினைக்க மனவருத்தமாக் கிடக்கு" என்றார். பக்கத்தில் நின்றவர்களில் பாதிப்பேருக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுத்தவள் நான். வீட்டுக்கு வந்து தேசிக்காய் போட்டு உரஞ்சியும் மை போகவில்லை. மணியோடருக்கு வைத்தபோது ஜசிந்தா மட்டும்தான் கண்டவள். இது ஊரறிய. அன்றிரவு அழுதேன். அதையும் எழுது என்று ஜசிந்தாவிடம் சொன்னேன், எழுதுகிறாள்.

உன்னிடம் வரமாட்டேன் தம்பி. உன் அன்பு குறைவென்றல்ல. வந்தால், கை முடங்கிய அக்கா தம்பி வீட்டில் மூலையில் இருக்கிறாள் என்பதோடு என் கதை முடிந்துவிடும். பதில் வந்ததும் ஒன்றும் விடாமல் எழுது.

பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா


மாத்தறை
16-7-62

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலமறிய ஆவல். வெகுநாள் எழுதவில்லை, மன்னியுங்கள். வியாபாரம் மந்தம். பெரியவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறோம்.

பதில் வந்தது. நட்டஈடு கொடுக்க ஏலாதாம். வேறு விசேசமாய் ஒன்றும் எழுதவில்லை. நான் முன்பே சொன்னேன்தானே. இதை இத்தோடு விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள். ஆவணியில் வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று யோசிக்கிறேன்.

அன்புள்ள தம்பி,
சிவபாதம்


இறுப்பிட்டி
10-9-62

தம்பி சிவபாதம் அறிவது,

சுகம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. அதனால் விசாரிக்கிறேன். சுகமா? சரி. இனி என் வாயில் வருவதை ஜசிந்தா அப்படியே எழுதுவாள். (சிலதை விட்டுத்தான் எழுதுகிறேன். – ஜசிந்தா)

'விசேசமாய் ஒன்றும் எழுதவில்லை' என்றாய். ஏலாது என்று ஒருவன் சொன்னால், ஏன் ஏலாது என்று சொல்லாமல் விடுவானா? அந்த யோசனை என்னை இரண்டு மாதம் தூங்க விடவில்லை. போன கிழமை காலைப் பஸ்ஸில் ஜசிந்தாவையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போனேன். பஸ் மண்கும்பானில் சில்லுக் காற்றுப் போய் நின்று, சுகாதாரப் பகுதிக் கந்தோருக்குப் போய்ச்சேர மத்தியானமாகிவிட்டது. அங்கே தியாகலிங்கம் என்று ஒரு கிளாக்கர். கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"உமக்குப் பதில் போட்டாச்சே. உம்மட தம்பி சொல்லேல்லையோ?"

"ஏலாதெண்டு சொன்னவன். ஏனெண்டு சொல்லேல்லை. நீர் சொல்லும்."

என் மனுக் கோவையை எடுத்து வாசித்துத் தமிழில் சொன்னார். அம்மைப்பால் கட்டுவது இடக்கையில்தான், அதுதான் ஒழுங்கு, இடாப்பிலும் எல்லோருக்கும் இடக்கை என்றே பதிந்திருக்கிறது. மனுதாரிக்கு வழங்காமல் போனது வலக்கை. ஆகவே இது அம்மைப்பாலால் வந்ததல்ல, பரம்பரை வாதம். மனுதாரி உண்மையை மறைத்து அரசாங்கத்தை ஏமாற்றப் பார்க்கிறார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். கந்தோரே திரும்பிப் பார்க்கச் சிரித்தேன். ஜசிந்தா எனக்கு விசராக்கிவிட்டது என்று மாதாவைக் கூப்பிடத் தொடங்கிவிட்டாள்.

"தம்பி," என்றேன் அந்தக் கிளாக்கரிடம், "உம்மட மனுசி கௌரிக் காப்புக் கட்டிறவவோ?"

"ஓம். அதுக்கும் இதுக்கும் என்ன?"

"அவவுக்கு அம்மைப்பால் தழும்பு எந்தக் கையில கிடக்கெண்டு இண்டைக்குப் போய்ப் பாரும்."

உனக்கும் இப்போது விளங்குகிறதா மடையா? தீபாவளிக்குக் கட்டிய காப்பு அடுத்த தீபாவளி வரை இடது புயத்தில் கிடக்கிறது. அந்தக் கையில் எவள் கத்தி வைக்க விடுவாள்? புண்ணும் சிதழும் காப்பில் படவிடுவோமா? வந்தவர் இடக்கை என்றுதான் கேட்டார். காப்புக் கட்டிய நாங்கள் எல்லோரும் வலக்கையை நீட்டினோம். அவரும் கீறிவிட்டு, ஒழுங்குப்படி இடக்கை என்று பதிந்துகொண்டு போய்விட்டார். உன் நல்லம்மாவின் இடக்கையிலும் காப்புக் கிடக்கிறது என்று நீயே எழுதினாய்! காரணத்தை நீ எழுதியிருந்தால் அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன்.

ஏன் மறைத்தாய்? அதைமட்டும் எழுது.

அக்கா


மாத்தறை
22-9-62

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமில்லை அக்கா. உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து நல்லம்மா என்னோடு கதைக்கவில்லை. கடிதத்தை வாசித்ததும் சட்டைக் கையை உயர்த்தித் தன் வலது புயத்தைக் காட்டினாள். தழும்பு. எத்தனை நாள் என் கண்ணுக்கு முன்னால்!

ஏன் மறைத்தேன் என்றால், உங்களைப் பொய்க்காரி என்று ஒரு அரசாங்கக் கடுதாசி சொல்வதை என் கையால் தமிழில் எழுத எனக்கு மனம் வரவில்லை. பரம்பரை வாதம் என்ற சொல் ஊருக்குள் போனால் என்னவெல்லாம் கதைப்பார்கள் என்றும் பயந்தேன். உங்களைக் காப்பாற்றுவதாய் நினைத்துக்கொண்டேன். இனி ஒரு சொல்லையும் ஒளிக்க மாட்டேன். மறுவிசாரணை கேட்டு நேற்றே எழுதி, றெஜிஸ்டர் தபாலில் போட்டுவிட்டேன். காப்பு என்றால் என்ன என்று சிங்களத்தில் விளக்கவே ஒரு பக்கம் போய்விட்டது.

இன்னொன்று. சின்ன வயதில் நான் இடக்கையால் எழுதினேன் என்று அடிமட்டத்தால் அடித்து மாற்றியது யார்? கடையைப் பூட்டிய பிறகு இன்றைக்கும் நான் இடக்கையால்தான் கணக்கு எழுதுகிறேன், உங்களுக்குத் தெரியாமல். ஆகவே இந்த விசயத்தில் நான் ரீச்சர், நீங்கள் பிள்ளை. தாளின் தலையை வலப்பக்கம் சரித்து வையுங்கள். கையை வரிக்குக் கீழே வையுங்கள், இல்லாவிட்டால் எழுதிய மையைக் கையே அழித்துக்கொண்டு போகும். பேனையை நெரிக்காதீர்கள். முதலில் சிலேற்றில், பிறகு கொப்பியில். பிழை விட்டால் அடிமட்டம் அனுப்பி வைப்பேன்.

மன்னிப்பைக் கேட்டு நிற்கும்,
சிவபாதம்


இறுப்பிட்டி
20-1-63

அன்புள்ள தம்பி சிவபாதத்துக்கு,

மேலே இந்த ஒரு வரி என் இடக்கையால் எழுதியது. கோழி கிளறியதுபோலக் கிடந்தாலும் என்னுடையது. மிச்சத்தை ஜசிந்தா எழுதுகிறாள். நாங்கள் சுகம், பொங்கலும் நன்றாய்ப் பொங்கியது. நல்லம்மா, போதும், அவனோடு கதை.

விசாரணை போன வியாழக்கிழமை நடந்தது. நீ மொழிபெயர்த்து அனுப்பிய அழைப்பில் 'சாட்சிகள் இருப்பின் அழைத்து வரலாம்' என்று இருந்தது. எத்தனை பேர் என்று அதில் இல்லை. அதனால் நான் வீடுவீடாகப் போனேன். அம்மாளாச்சி தண்டித்துவிட்டா என்று சொன்ன வாய்களிடமும் போனேன். "நீங்கள் நீட்டினதைப் பாத்துத்தானே ரீச்சர் நாங்களும் நீட்டினனாங்கள். வராமல் விடுவமே?" என்றாள் இலட்சுமிப்பிள்ளை. கிணற்றடியில் என்னை அதிகம் கதைத்தவள் அவள்தான். அவளே முதல் ஆளாய்ப் பஸ்ஸில் ஏறிக் குந்தினாள்.

காலைப் பஸ் முழுக்க எங்கள் பெண்டுகள். ஆம்பிளைகள் எல்லாம் தொங்கிக்கொண்டு வந்தார்கள். எள்ளுருண்டை, பனங்காய்ப் பணியாரம், வெற்றிலைத் தட்டம் எல்லாம் வந்தன. விசாரணைக்குப் போகிறோமோ கலியாணத்துக்குப் போகிறோமோ என்று கொண்டக்டர் கேட்டார். கந்தோர் விறாந்தையில் இறங்கி வரிசையாய் நின்றபோது பியோன் ஓடிவந்தார்.

"இதென்ன இவ்வளவு சனம்? ஒராள் இரண்டு பேர் போதும்!"

"இடாப்பில எல்லாருக்கும் இடக்கை எண்டு பதிஞ்சிருக்காம். எல்லாரும் வந்திருக்கினம்," என்றேன்.

உள்ளே கந்தோர்ப் பெரியவர் ஒருவர், பக்கத்தில் வயதான டொக்ரர் ஒருவர், கோவையோடு கிளாக்கர் தியாகலிங்கம். பெரியவர் எடுத்த எடுப்பில், "அம்மைப்பாலை வலக்கையில் கட்டிறது வழக்கமில்லை" என்றார். எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. "உங்கட வழக்கம் உங்கட புத்தகத்தில கிடக்கு, ஐயா. எங்கட வழக்கம் எங்கட கையில கிடக்கு. வெளியில வந்து பாருங்கோ."

பெரியவர் அசையவில்லை. டொக்ரர் எழுந்து வந்தார். ஆம்பிளைகளை அந்தப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, இலட்சுமிப்பிள்ளை சேலையால் மறைத்துக்கொண்டு சட்டைக் கையை உயர்த்தினாள். வலது புயத்தில் தழும்பு, இடது புயத்தில் இந்த வருசக் காப்பு. அடுத்தவள், அப்படியே. அதற்கடுத்தவள், அப்படியே. டொக்ரர் ஒவ்வொருவராய்ப் பார்த்துக்கொண்டே போனார். போகப்போக அவருடைய முகம் மலர்ந்துகொண்டு வந்தது. கடைசியில் ஜசிந்தா. அவள் இடக்கையை உயர்த்தினாள். தழும்பு அங்கே.

"நீர் மட்டும் ஏன் இடக்கை?"

"நான் வேதக்காரி, ஐயா. எனக்குக் காப்பில்லை. கேட்ட கையைக் குடுத்தனான்."

டொக்ரர் வாய்விட்டுச் சிரித்தார் தம்பி. உள்ளே வந்து பெரியவரிடம், "இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார். பிறகு என்னை இருத்தி, தோளையும் கையையும் விரல்களையும் தொட்டுத் தொட்டுச் சோதித்தார். நான் நினைத்தும் பாராதது அதற்குப் பிறகு நடந்தது. கிளாக்கர் தியாகலிங்கம் கோவையை மேசையில் வைத்துவிட்டு மெல்லச் சொன்னார்: "சேர், என்ர வீட்டிலயும் வலக்கைதான். அண்டைக்கே போய்ப் பாத்தனான்."

முடிவு தபாலில் வருமாம். உனக்குத்தான் வரும். விளங்குகிறதா? (தம்பி, திரும்பி வரும்போது பஸ்ஸில் உன்ர அக்கா பாடினவ. நான் சத்தியம் பண்ணுவன். – ஜசிந்தா)

பணியாரத்தில் உனக்குப் பங்கு வைக்காத,
அக்கா


மாத்தறை
11-3-63

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம், சுகம், சுகம்! நல்லம்மா கதைக்கிறாள், சிரிக்கிறாள், கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கற்கண்டு கொடுக்கிறாள். முடிவு வந்துவிட்டது. ஒரு சொல்லும் விடாமல் தமிழில் தருகிறேன்.

'மறுவிசாரணையில் கண்டது: இப்பகுதிப் பெண்கள் சமய வழக்கத்தின்படி இடக்கையில் காப்பு அணிவதால் வலக்கையில் அம்மைப்பால் ஏற்றுக்கொண்டனர். இடாப்பில் உள்ள பதிவு பிழையானது. மனுதாரியின் வலக்கை வலுவிழந்தது அம்மைப்பாலின் விளைவே என்று பரிசோதித்த வைத்தியர் உறுதிப்படுத்துகிறார். பரம்பரை நோய் என்ற முன்னைய குறிப்பு நீக்கப்படுகிறது. மனுதாரி உண்மையை மறைத்தார் என்ற குறிப்பும் நீக்கப்படுகிறது. நட்டஈடு வழங்கப்படும். இடக்கையால் எழுதக்கூடியவராயின் மனுதாரி மீண்டும் கற்பிப்பதற்குத் தடையில்லை. விசாரணையின்போது மனுதாரி உரத்த குரலில் பேசினார்.'

கடைசி வரியும் அப்படியே இருக்கிறது அக்கா. அதையும் ஒளிக்கவில்லை.

இதை முதலில் எனக்கே உரத்து வாசித்தேன். 'நீக்கப்படுகிறது' என்ற இடத்தில் மேசையில் ஓங்கித் தட்டிவிட்டேன். பக்கத்துக் கடை முதலாளி ஓடிவந்து என்ன நட்டம் என்று கேட்டார். நட்டமில்லை, என்னுடைய அக்கா அரசாங்கத்தை வென்றுவிட்டா என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் நம்பவில்லை. கடுதாசியைக் காட்டினேன். வாசித்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எரிந்த கடையைப் பற்றிய என் பழைய மனுவையும் இன்றைக்குத் தூசி தட்டி எடுத்திருக்கிறேன். அந்தத் தைரியம் உங்களால் வந்தது.

நட்டஈட்டைக் கந்தோருக்கு நேரே போய் வாங்க வேண்டுமாம். சிலேற்று எந்த மட்டில் இருக்கிறது?

பெருமையில் தலை வீங்கிய,
சிவபாதம்


சிவமயம்

இறுப்பிட்டி,
புங்குடுதீவு.
9-4-63

அன்புள்ள தம்பி சிவபாதத்துக்கு,

நான் சுகம். இந்தத் தடவை அதில் பொய்யில்லை. உங்கள் சுகத்துக்கும் குறைவிருக்காது என்று உன் கடிதமே சொல்லிவிட்டது. இந்தக் கடிதம் முழுக்க என் கையால் எழுதுகிறேன். நேற்றுத் தொடங்கினேன், இன்றைக்கு முடிப்பேன். தாளின் தலை வலப்பக்கம் சரிந்திருக்கிறது, கை வரிக்குக் கீழே இருக்கிறது. அடிமட்டத்தை நீயே வைத்துக்கொள்.

போன திங்கட்கிழமை கந்தோருக்குப் போனேன். பங்குனி வெயிலில் பெரிய வரிசை. என் முறை வந்ததும் கிளாக்கர் தியாகலிங்கம் கடுதாசியை விரித்துவிட்டு மைப்பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினார். மனுவில் கைநாட்டு இருந்ததால் இதற்கும் அதுதான் என்று நினைத்துவிட்டார். குற்றமில்லை.

"பேனையைத் தாரும்," என்றேன்.

பார்த்தார். தந்தார். கடுதாசியைச் சரித்து வைத்தேன். தொங்குகிற வலக்கையைத் தூக்கி, கடுதாசி அசையாமல் அதன்மேல் பாரமாக வைத்தேன். அதுவும் ஒரு வேலை செய்யட்டும். பிறகு எழுதத் தொடங்கினேன். ஒவ்வொரு எழுத்தாய் வந்தது. பின்னால் ஒருவர், "என்ன மெத்தச் சுணங்குது?" என்றார். கிளாக்கர் எழுந்து நின்று அவரைச் சத்தம் போட்டார். பிறகு என்னிடம், "ஆறுதலா எழுதுங்கோ, ரீச்சர். அவசரமில்லை," என்றார். நீர் என்று கதைத்த மனிசன்!

ஐயாத்துரை அம்பிகை. அப்பாவின் பெயரையும் என் பெயரையும் ஓரெழுத்தும் சுருக்காமல் வைத்தேன். மை காயும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். மைப்பெட்டியை மூடி அவரிடமே திருப்பித் தள்ளிவிட்டு வந்தேன்.

பள்ளிக்கூடம் சித்திரை விடுமுறை முடிந்து திறக்கிறது. மூன்றாம் வகுப்பு எனக்கு. கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன், எழுத்து கொஞ்சம் மேல்நோக்கி ஏறுகிறது. ஏறட்டும்.

ஜசிந்தா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, தனக்கு எழுத இடம் விடு என்கிறாள். என்னுடைய 'ழ' தன்னுடையதைவிட மோசமாய்ப் படுத்திருக்கிறதாம். இடம் விடமாட்டேன். தாள் முடிந்துவிட்டது.

என் கையாலேயே எழுதி முடிக்கும்,
அக்கா ஐயாத்துரை அம்பிகை